‘சட்டம் அப்படித்தான் சொல்கிறது’ – எங்கே, எப்போது, ஏன்?

(பொன்விழா ஆண்டுக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

பொன்விழா மேடையில் சட்ட வரலாற்றைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டு விசேஷங்களில், தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசும்போது, அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். “சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹபுக்கு மட்டும்தான் இடம், ஹனஃபிகளுக்கு இல்லை.” இது ஒன்று. “முஸ்லிம் பெண்பிள்ளைக்கு 16 வயதில் நிக்காஹ் செய்யலாம், சட்டத்திலேயே இருக்கிறது.” இது இரண்டாவது. “சம்பளத்தில் பள்ளிவாசலுக்கென்று பிடிக்கிறார்களே, அது யாரோ ஓர் அதிகாரி போட்ட உத்தரவு.” இது மூன்றாவது.

இவற்றில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஒரு காலத்தில் உண்மை. மூன்றாவது உண்மையே இல்லை. ஆனால் மூன்றையும் சொல்பவர்கள் ஒரே உறுதியோடுதான் சொல்கிறார்கள்: “சட்டம் அப்படித்தான் சொல்கிறது!” அந்த இடத்தில், “எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டில் வந்தது?” என்று அமைதியாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழியைத்தான் இன்று சொல்லப்போகிறேன். வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

இப்படித் தேடுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. ஒரு ஹதீஸைச் சொன்னால், அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஸனதைப் பார்க்கச் சொல்லி வளர்க்கப்பட்ட சமுதாயம் நாம். ஓர் ஆயத்து எந்தச் சூழலில் இறங்கியது என்று தஃப்ஸீரில் படிக்கிறோம். மனிதர்கள் இயற்றும் சட்டத்தை இறைவேதத்தோடு ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். தேடும் ஒழுங்கை மட்டும்தான் சொல்கிறேன். ஒரு சொல் யார் யார் கையைக் கடந்து நம்மிடம் வந்தது என்று கேட்கும் அந்த ஒழுங்கு சட்டத்துக்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை, வக்ஃபு, பள்ளிவாசல், ஹஜ், ஃபத்வா அனைத்தையும் தொடுகிற சட்டம் அது: முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். சுருக்கமாக அம்லா.

முதல் படி, இன்றைய வாசகத்தைப் படிப்பது. இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. அரசாங்கத்தின் சட்டங்கள் எல்லாம் சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்லாவைத் திறந்து 33ஆவது பிரிவைப் பாருங்கள். மார்க்கத் தீர்ப்பு வழங்கும்போது இஸ்லாமிய சமய மன்றமும் அதன் சட்டக் குழுவும் சாதாரணமாக ஷாஃபி மத்ஹபைப் பின்பற்ற வேண்டும் என்று முதல் உட்பிரிவு சொல்கிறது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த உட்பிரிவு, அப்படிப் பின்பற்றுவது பொதுநலனுக்கு மாறாக அமையும் என்று கருதினால், ஏற்கப்பட்ட பிற மத்ஹபுகளில் ஒன்றைப் பின்பற்ற வழிவிடுகிறது. மூன்றாவது உட்பிரிவு, குறிப்பிட்ட ஒரு மத்ஹபின்படி தீர்ப்புக் கேட்கப்பட்டால் அந்த மத்ஹபின்படியே தீர்ப்புத் தர வேண்டும் என்கிறது.

கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர் குடும்பங்களில் ஷாஃபியும், உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபியும் வழக்கம் என்பது நமக்குத் தெரியும். ஒரே வீட்டில் மாமியார் ஒரு மத்ஹபு, மருமகள் ஒரு மத்ஹபு என்பதும் உண்டு. அப்படிப்பட்ட சமுதாயத்திற்கு அந்த மூன்றாவது உட்பிரிவு எவ்வளவு முக்கியமானது! எதிர்த்து வாதாடவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். கேள்வியைக் கேட்கும்போதே எந்த மத்ஹபின்படி கேட்கிறோம் என்று எழுதிக் கேட்க வேண்டும். முழுப் பிரிவையும் படித்தவருக்குத்தான் அது தெரியும்.

இரண்டாவது படி, பிரிவின் கீழே உள்ள சிறு குறிப்புகளைப் பார்ப்பது. திருத்தப்பட்ட பிரிவுகளின் அடியில் சதுர அடைப்புக்குள் எண்கள் இருக்கும். 29/2008 என்று இருந்தால், 2008ஆம் ஆண்டின் 29ஆம் எண் சட்டம் இந்த இடத்தில் கைவைத்திருக்கிறது என்று பொருள். திருமணத்தைப் பற்றிய 96ஆவது பிரிவுக்குப் போனால், 16 வயதுப் பேச்சுக்கு விடை கிடைக்கும். முன்பு முஸ்லிம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 16ஆக இருந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 18ஆக உயர்த்தியது. அதற்குக் குறைந்த வயதில் நிக்காஹ் என்றால், விசேஷ சூழ்நிலை உண்டா என்று காதி பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆக, 16 என்று சொன்ன பெரியவர் பொய் சொல்லவில்லை. பழைய சட்டத்தைச் சொல்கிறார். அவரை அவமானப்படுத்தாமல், “அப்பொழுது அப்படித்தான் இருந்தது, 2008இல் மாற்றிவிட்டார்கள்” என்று சொல்ல நமக்கு ஆண்டு தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது படி, சட்டத்தின் கடைசிப் பக்கங்கள். அங்கே சட்டமியற்றல் வரலாறு என்று ஓர் அட்டவணை இருக்கும். மூலச் சட்டம் எது, ஒவ்வொரு திருத்தச் சட்டத்தின் எண் என்ன, மசோதா எண் என்ன, முதல் வாசிப்பு எந்த நாள், இரண்டாம் வாசிப்பு எந்த நாள், நிறைவேறியது எப்போது, நடப்புக்கு வந்தது எப்போது என்று வரிசையாக இருக்கும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் முதலில் எழுத வேண்டியது இந்த நாள்களைத்தான். பிறகு தேடப்போகும் எல்லாப் பெட்டிகளுக்கும் இவைதான் சாவி.

நாள்களை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் நிறைவேறிய நாளும் நடப்புக்கு வந்த நாளும் வேறு வேறு. அம்லா 1966 ஆகஸ்ட் 17இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது 1966ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டம். நடப்புக்கு வந்ததோ 1968 ஜூலை 1இல். இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். 1967இல் நடந்த ஒரு காரியத்திற்கு அம்லாவைக் காட்டி வாதிட்டால் அது நிற்காது. அப்போது நடப்பிலிருந்தது 1957ஆம் ஆண்டு முஸ்லிம்கள் ஆர்டினன்ஸ். பழைய சொத்து விவகாரம் பேசுகிற குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சிறிய விஷயம் இல்லை.

எண்களும் மாறும். 1970ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் அம்லா 42ஆம் அத்தியாயம். 1985ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 3ஆம் அத்தியாயம். 2020ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் அத்தியாய எண் முறையே எடுக்கப்பட்டு, சட்டத்தின் பெயரோடு 1966 என்ற ஆண்டு சேர்ந்துகொண்டது. பழைய வக்ஃபுப் பத்திரத்திலோ வழக்குக் கட்டிலோ ‘42ஆம் அத்தியாயம்’ என்று கண்டால் வேறு சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது படி, மசோதா. சட்டமாகும் முன் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட வடிவம். அதன் முடிவில் விளக்கக் குறிப்பு என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு பிரிவும் எதற்காக என்று எளிய நடையில் சொல்லியிருப்பார்கள். மசோதாவையும் நிறைவேறிய சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எங்கே சொல் மாறியிருக்கிறதோ அங்கே யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்லி, அது கேட்கப்பட்டிருக்கிறது. பழைய மசோதாக்கள் அரசாங்க கெஜட்டின் இணைப்பாக அச்சானவை. விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கொங் சியான் ஆய்வு நூலகத்தில் கேட்டால், தேட உதவி செய்வார்கள்.

ஐந்தாவது படி, ஹன்சார்ட். அதாவது நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு. 1955ஆம் ஆண்டுச் சட்டமன்றத்திலிருந்து தொடங்கி நாடாளுமன்ற இணையத்தளத்தில் படிக்கலாம். முதல் வாசிப்பில் விவாதம் இருக்காது, மசோதாவின் பெயரை வாசிப்பதோடு சரி. இரண்டாம் வாசிப்பில்தான் அமைச்சர் எழுந்து, இந்தச் சட்டம் ஏன் வேண்டும், என்ன குறையைத் தீர்க்கிறது என்று விளக்குவார். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அவர் பதில் சொல்வார். தேடுகிறவர் நிதானமாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான். அம்லா மசோதாவை 1965 டிசம்பரில் கொண்டுவந்தவர் அப்போதைய சமூக விவகார அமைச்சர் ஒத்மான் வோக். அதை வரைந்ததில் பெரும் பங்கு சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரல் அஹ்மத் இப்ராஹிம் அவர்களுக்கு உண்டு. நாடு தனியாகி நான்கு மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் வந்த மசோதா என்பதை மனதில் வைத்துப் படித்தால் பல சொற்களின் கனம் புரியும். ஓர் எச்சரிக்கை: பேச்சு மலாயிலோ தமிழிலோ நடந்திருந்தால், நீங்கள் ஆங்கிலத்தில் படிப்பது மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதிடுமுன் மூலம் எந்த மொழி என்று பாருங்கள்.

சம்பளப் பிடித்தத்தின் கதையும் இப்படித்தான் தெளிவாகும். 1970களில் வீவக நகரங்கள் எழுந்தன. கம்பங்களிலிருந்து குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாறின. புதிய பேட்டைகளில் பள்ளிவாசல் இல்லை. 1975இல் அம்லா திருத்தப்பட்டு, மத்திய சேமநிதி வழியாக முஸ்லிம் ஊழியர்களிடமிருந்து பள்ளிவாசல் கட்டட நிதி திரட்ட வழி பிறந்தது. தொடக்கத்தில் மாதம் 50 காசு. அந்தச் சிறு காசுகளால் எழுந்த முதல் பள்ளிவாசல், 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்ட முஹாஜிரீன். இது அதிகாரி போட்ட உத்தரவு இல்லை; நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். நம் வாப்பாமார்களும் ராத்தாமார்களும் கொடுத்த 50 காசும் அந்தச் சுவர்களில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, இந்த ஓர் ஆண்டு எண்ணே போதும்.

ஆறாவது படியைத்தான் இன்று எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது தெரிவுக்குழு அறிக்கை. சில மசோதாக்களை நாடாளுமன்றம் இரண்டாம் வாசிப்புக்குப் பின் ஒரு தெரிவுக்குழுவிடம் அனுப்பும். அந்தக் குழு பொதுமக்களிடம் எழுத்து வழியாகக் கருத்துக் கேட்கும். சிலரை நேரில் அழைத்து விசாரிக்கும். வந்த கடிதங்களும், கேட்ட கேள்விகளும், சொன்ன பதில்களும் அறிக்கையோடு அச்சாகும். அம்லா மசோதா தெரிவுக்குழுவுக்குப் போய்வந்த மசோதா. பின்னர் 1998இல் வந்த பெரிய திருத்த மசோதாவும் தெரிவுக்குழுவுக்குப் போனது. அது 1999ஆம் ஆண்டின் 20ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. மணமுறிவின்போது பிள்ளைகளை யார் வளர்ப்பது, சொத்தை எப்படிப் பிரிப்பது போன்ற விஷயங்களில், உரிய நிபந்தனைகளோடு சிவில் நீதிமன்றத்தையும் நாட வழி செய்த சட்டம் அது. எத்தனை பெண்களின், எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடுகிற விஷயம்! அதைப் பற்றிச் சமுதாயத்தில் யார் என்ன கருத்துச் சொன்னார்கள் என்பது அந்த அறிக்கையில்தான் இருக்கும்.

ஹன்சார்டில் அமைச்சர்களும் உறுப்பினர்களும் பேசுகிறார்கள். தெரிவுக்குழு அறிக்கையில் சாதாரண மக்களும் சங்கங்களும் பேசுகிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் பெயர் இருக்கும். எழுதாதவருக்கு அங்கே இடமில்லை. வீட்டில் ஆயிரம் பேசியிருந்தாலும், பள்ளிவாசல் வாசலில் எவ்வளவு கொதித்திருந்தாலும், தாளில் ஏறாத கருத்து வரலாற்றில் இல்லை.

ஏழாவது படி, அதற்கும் முந்திய காலம். அம்லாவுக்கு முன் 1957ஆம் ஆண்டு ஆர்டினன்ஸ். அதன்கீழ் 1958இல் ஷரீஅத் நீதிமன்றம் அமைந்தது. அதற்கு முன் 1905ஆம் ஆண்டு, முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளை ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்த ஆர்டினன்ஸ். அதற்கும் முன் 1880ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ஆர்டினன்ஸ். இவை நீரிணைக் குடியிருப்புக் காலத்தவை என்பதால், பினாங்கு, மலாக்கா உறவினர்களுக்கும் இதே மூலம்தான். பத்திரிகைகளையும் மறக்க வேண்டாம். 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு அவர்கள் நடத்திய சிங்கை நேசன் தொடங்கி, தமிழ் முரசு வரை, ஒரு சட்டம் வந்தபோது மக்கள் என்ன பேசினார்கள் என்று பார்க்கத் தமிழிலேயே ஏடுகள் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கப் பத்திரிகைத் தொகுப்பில் தேடலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். அம்லாவின் 114ஆவது பிரிவு, வாரிசுரிமை பற்றிய வழக்குகளில் நீதிமன்றம் முஸ்லிம் சட்டத்துக்குச் சான்றாக ஏற்கக்கூடிய நூல்களைப் பட்டியலிடுகிறது. இந்தியாவைச் சேர்ந்த சையது அமீர் அலி, ஃபைஸி, தையப்ஜி ஆகியோரின் நூல்கள் அதில் உண்டு. நம் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜும் உண்டு. ஆனால் அரபு மூலமாக அல்ல, வான் டென் பெர்க் பிரெஞ்சில் பெயர்த்ததை ஹோவர்ட் ஆங்கிலத்தில் பெயர்த்த வடிவில்! சிங்கப்பூர்ச் சட்டத்துக்குள் இந்தப் பட்டியல் முதன்முதலில் எந்த ஆண்டில் நுழைந்தது? இன்று சொன்ன ஏழு படிகளில் பின்னோக்கி நடந்து கண்டுபிடியுங்கள். கண்டுபிடிப்பவருக்குச் சங்கம் ஒரு பரிசு கொடுக்கலாம், தலைவர் அவர்கள் தலையசைக்கிறார்கள்.

தேடிக் கண்டதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1993இல் விளக்கச் சட்டத்தில் 9அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு இரண்டு பொருள் வந்தால், அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு உகந்த பொருளையே எடுக்க வேண்டும் என்கிறது அது. நோக்கத்தை அறிய, மசோதாவின் விளக்கக் குறிப்பு, அமைச்சரின் இரண்டாம் வாசிப்புப் பேச்சு போன்றவற்றை நீதிமன்றம் பார்க்கலாம். 2017இல் டான் செங் பொக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மூன்று படிகளைத் தெளிவாக வகுத்தது. முதலில் வாசகத்தைப் படித்து அது தாங்கக்கூடிய பொருள்களைக் காண வேண்டும். பிறகு நோக்கத்தை அறிய வேண்டும். பிறகு எந்தப் பொருள் நோக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். வாசகம்தான் முதலில். அமைச்சர் பேச்சில் சொன்னது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சட்ட வாசகம் தாங்காத பொருளை அதன்மேல் ஏற்ற முடியாது. அதேபோல் ஓர் உறுப்பினர் எழுந்து ஆட்சேபித்தார் என்பதால் அது சட்டத்தின் கருத்தாகிவிடாது. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம் போங்கள். ஆனால் நாள்களையும் எண்களையும் எழுதிய நோட்டோடு போங்கள்.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். அம்லாவின் 7ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இஸ்லாமிய சமய மன்றத்தின் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர், முஸ்லிம் சங்கங்கள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து நியமிக்கப்படுகிறார்கள். முஸ்லிம் சங்கங்களுக்குச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஊர்ச் சங்கம் என்றால் இஃப்தாரும் உபகாரச் சம்பளமும் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்தால், இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். ஒன்று, நம் வீடுகளில் பழைய பெட்டிகளில் இருக்கும் கூட்டக் குறிப்பேடுகள், சுற்றறிக்கைகள், அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் ஆகியவற்றைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சங்கத்திடம் கொடுங்கள். நாளை ஒருவர் இந்தச் சமுதாயம் என்ன நினைத்தது என்று தேடும்போது அவை சான்றாகும். இரண்டாவது, அடுத்த முறை நம்மைத் தொடும் ஒரு மசோதாவுக்குக் கருத்துக் கேட்கப்படும்போது, நம் சங்கம் இரண்டு பக்கமாவது எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்கள் பகுதியும் இளைஞர் பகுதியும் தனித்தனியாக எழுதட்டும். ஏற்கிறார்களா இல்லையா என்பது அவர்கள் முடிவு. எழுதுவது நம் கடமை.

இந்தச் சங்கத்தின் நூறாவது ஆண்டில் நம் பேரப்பிள்ளைகள் ஒரு சட்டத்தின் வேரைத் தேடிப் போகும்போது, அந்தப் பக்கங்களில் நம் பெயரையும் காணும் பாக்கியத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. இதுவரை உழைத்து மறைந்த பெரியோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவனத்தை அருள்வானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.